மறைவிடமும் மக்களாட்சியும்

மக்கள் வாழாத இடத்தைத் தேடிச் செல்லுதல் பண்டைநாளிலே துறவியர்க்குரிய வழக்கமாயிருந்தது. இருபதாம் நூற்றாண்டிலே அவ்வழக்கம் அரசுகளுக்கும் அவற்றின் ஒப்பந்தகாரருக்கும் உரியதாயிற்று. 1955 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துப் பாலைநிலத்தின் மேலாகச் சிறிய விமானமொன்றிற் பறந்துசென்ற நால்வர், குரூம் ஏரி எனப்படும் வற்றிய உப்பேரி ஒன்றைக் கண்டு அங்கே இறங்கினர். ஒருவர் லொக்ஹீட் நிறுவனத்தின் புகழ்பெற்ற விமான வடிவமைப்பாளர் கெலி ஜோன்சன். மற்றொருவர் அந்நிறுவனத்தின் சோதனை விமானி ரொனி லவியர். மூன்றாமவர் மத்திய உளவு நிறுவனத்தைச் சேர்ந்த றிச்சட் பிசெல். நான்காமவர் விமானப்படை அதிகாரி ஒஸ்மண்ட் றிற்லண்ட். வணிகரும் ஒற்றரும் படைஞரும் ஒரே விமானத்தில் ஏறி ஒரே நிலத்தைத் தேர்ந்த அக்காட்சியிலே, பின்வந்த காலத்தின் பெருங்கதை முழுவதும் அடங்கிக் கிடக்கிறது எனலாம்.

நான்கு மாதங்களுள் அங்கு ஓடுபாதை எழுந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் யூ-2 என்னும் உளவு விமானம் முதன்முறையாக மேலெழுந்தது. பிற்காலத்தில் 'ஏரியா 51' என உலகெங்கும் பெயர்பெற்ற இடம் இதுவே. இப்படியோர் இடம் உண்டு என்பதை மத்திய உளவு நிறுவனம் தன் சொந்த வரலாற்று ஆவணத்தின் வாயிலாக ஒப்புக்கொண்டது 2013 ஆம் ஆண்டிலேதான். ஆய்வாளர் ஒருவர் தகவலறியும் சட்டத்தின் கீழ் 2005 இல் விடுத்த விண்ணப்பத்திற்குக் கிடைத்த விடை அது. இடையிற் கழிந்தவை ஐம்பத்தெட்டு ஆண்டுகள்.

அவ்விடத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றுட் பெரும்பகுதி வேற்றுலக மாந்தர் பற்றிய கற்பனைகளே. அவை நமக்கு வேண்டா. இங்கு நாம் எழுப்ப விரும்பும் வினா வேறு. குடிமக்களின் பெயரால், குடிமக்களின் பணத்தைக் கொண்டு ஓர் அரசு செய்யும் காரியத்தை, அக்குடிமக்களிடமிருந்தே மறைத்துவைக்கும் உரிமை அதற்கு உண்டா? உண்டாயின் அது எதுவரை செல்லும்?

தொலைவிடத்தை நாடுவதற்கு நேர்மையான காரணங்கள் பல உள என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ளல் வேண்டும். வற்றிய ஏரியின் தரை கல்லென இறுகித் தட்டையாய்க் கிடப்பது. பழுதுற்ற விமானம் எத்திசையினின்று வந்தாலும் இறங்குவதற்கு அதனினும் சிறந்த இடம் இல்லை. வானம் ஆண்டின் பெரும்பகுதி தெளிவாயிருக்கும். சுற்றியுள்ள மலைகள் பார்வையை மறைக்கும். அருகிலேயே அணுசக்தி ஆணைக்குழுவின் அணுகுண்டுச் சோதனைக்களம் இருந்தமையால் நிலமும் வானும் ஏற்கெனவே பிறர்க்கு மூடப்பட்டிருந்தன. புதிய விமானம் என்பது விழக்கூடிய விமானம் என்பதையும் மறத்தலாகாது. ராடர் கண்ணுக்கு எளிதிற் புலப்படாத விமானத்தை உருவாக்கும் முயற்சியிலே 1977 டிசம்பரில் இதே ஏரியிற் பறக்கத் தொடங்கிய 'ஹாவ் புளூ' என்னும் மாதிரி விமானங்கள் இரண்டுமே 1978 இலும் 1979 இலும் விழுந்து அழிந்தன. அவை ஊரொன்றின் கூரைமீது விழாமைக்கு அந்நிலத்தின் வெறுமையே காரணம். இனி, ஒரு விமானம் ராடரில் எவ்வாறு தோன்றும் என்பதை அளப்பதற்கு, அதன் உருவத்தை உயர்ந்த கம்பத்தின்மீது நிறுத்திக் கதிர்களைச் செலுத்திப் பார்ப்பர். வேற்று அலைகளும் வேற்றுக் கண்களும் இல்லாத இடம் அதற்கு வேண்டும். வேற்றுக் கண்கள் வானிலும் இருந்தன. சோவியத் செய்மதிகள் தலைக்குமேலே கடக்கும் நேரங்களை அட்டவணையாக வைத்துக்கொண்டு, அவ்வேளைகளில் விமானங்களைக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டு வேலையாட்கள் காத்திருந்தனர்.

மறைத்தலை நம் மரபும் முற்றாக விலக்கியதில்லை. திருக்குறள் ஒற்றாடலுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியுள்ளது. வினைத்திட்பம் என்னும் அதிகாரத்திலோ, ஒரு செயலை அது முடிவெய்தும் வேளையிலேயே புலப்படுத்தல் வேண்டுமென்றும், இடையிற் புலப்பட்டால் மீளாத் துன்பம் விளையுமென்றும் வள்ளுவர் கூறுகிறார். இக்குறளை அரச தந்திரத்திற்கு ஆதரவாக மட்டுமே எடுத்தாள்வோர் பலர். ஆயின் அங்கே மறைத்தலுக்கு ஓர் எல்லை கூறப்பட்டிருப்பதை நாம் கவனித்தல் வேண்டும். மறைத்தல் இடைக்காலத்திற்கு உரியது. கடையில் வெளிப்படுத்தல் என்பதும் அச்செயலின் ஒரு பகுதியே. கடை என்பதே இல்லாத மறைப்பைப் பற்றி வள்ளுவர் பேசவில்லை.

மேலைத்தேய மெய்யியலிலே இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பியவர் இம்மானுவேல் கான்ற். 1795 இல் வெளிவந்த 'நிரந்தர சமாதானம்' என்னும் நூலின் பிற்சேர்க்கையில் அவர் ஓர் அளவுகோலைத் தந்தார். பிறருடைய உரிமையைத் தொடும் ஒரு செயலின் அடிப்படை விதி, வெளிப்படையாக அறிவிக்கப்படுவதைத் தாங்கமாட்டாததாயின் அச்செயல் அநீதியானது என்பது அதன் சாரம். நோக்கத்தை வெளியிட்டவுடனேயே எல்லோரும் எதிர்த்தெழுவர் என்பதனால் ஒன்றை மறைக்கவேண்டியிருக்குமாயின், அந்த எதிர்ப்பே அதன் அநீதிக்குச் சான்றாகும். விரிவுரை மண்டபத்தில் இதனைக் கேட்கும்போது மறுப்பதற்கு எதுவுமில்லை என்றே தோன்றுகிறது. ஆயின் யூ-2 இன் முன் இவ்விதி சற்றுத் தடுமாறத்தான் செய்கிறது. எதிரியின் நிலத்தின்மேல் இன்ன உயரத்தில், இன்ன நாளில் பறப்போம் என்று அறிவித்துவிட்டு உளவு பார்த்தல் இயலாது. அதனாலேயே உளவு அநீதி ஆகிவிடுமா?

இச்சிக்கலை அவிழ்ப்பதற்கு ஏற்ற கருத்தொன்றைச் சிசெலா பொக் என்னும் மெய்யியலாளர், பொய்யுரைத்தல் பற்றி 1978 இல் வெளியிட்ட நூலிற் காணலாம். அடையாளம் இடப்படாத பொலிஸ் வாகனம் எந்தச் சந்தியில் நிற்கிறது என்பதை எவரும் அறியார். ஆனால் அத்தகைய வாகனங்கள் உண்டென்பதையும், அவை எதற்காக ஓடுகின்றன என்பதையும் எல்லோரும் அறிவர். வேண்டாமென்றால் சட்டத்தை மாற்றவும் அவர்களால் முடியும். தனிச்செயல் மறைந்திருக்கலாம், மறைக்கும் வழக்கமும் அதன் விதியும் மறைந்திருத்தலாகாது. இந்த வேறுபாடே நமக்கு வேண்டியது. நெவாடாவிலே மறைக்கப்பட்டவை யாவை, எவரிடமிருந்து மறைக்கப்பட்டன என்பதை இனி நோக்குவோம்.

எதிரியிடமிருந்து மறைக்கிறோம் என்பதே எப்போதும் கூறப்பட்ட நியாயம். யூ-2 முதன்முறையாகச் சோவியத் வானிற் புகுந்தது 1956 ஜூலை 4 ஆம் திகதி. அது பறக்கும் உயரத்தைச் சோவியத் ராடர்கள் எட்டமாட்டா என்று எதிர்பார்க்கப்பட்டது. அவையோ முதற் பயணத்திலேயே அதனைக் கண்டுகொண்டன. ஒரு வாரம் முடிவதற்குள் மொஸ்கோவிலிருந்து கண்டனக் குறிப்பு வாஷிங்டனுக்குச் சென்றது. ஆகவே அன்றுமுதல் கிரெம்ளின் மாளிகைக்கு இச்செய்தி இரகசியம் அன்று. தன் வானைக் காக்க இயலாத இழிவை உலகறியச் சொல்லச் சோவியத் தலைமை விரும்பவில்லை. ஆதலின் அதுவும் பெரும்பாலும் வாய்மூடியிருந்தது. இவ்வாறு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், இரு பகையரசுகளும் அறிந்திருந்த ஒன்றை அறியாதிருந்தவர் அவ்விரு நாட்டு மக்களே. பகைவர் இருவர் தம்முட் பகிர்ந்துகொண்டு, தத்தம் குடிகளிடமிருந்து காத்த இரகசியம் இது. இவ்வுண்மையை எண்ணிப் பார்க்குந்தோறும் 'நாட்டின் பாதுகாப்பு' என்னும் சொற்றொடரிலே 'நாடு' என்பது யாரைக் குறிக்கிறது என்ற ஐயம் எழாமற் போகாது.

1960 மே முதலாம் திகதி ஸ்வெர்ட்லொவ்ஸ்க் நகருக்கு அண்மையில் பிரான்சிஸ் கரி பவர்ஸ் ஓட்டிச்சென்ற யூ-2 சுட்டு வீழ்த்தப்பட்டது. விமானி இறந்திருப்பார் என்று கருதிய வாஷிங்டன், வளிமண்டல ஆய்வு விமானமொன்று துருக்கியில் வழிதவறிக் காணாமற் போயிற்று என அறிவித்தது. அப்பொய்க்குத் துணையாக மற்றொரு யூ-2 மீது விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் பெயரைத் தீட்டிப் பத்திரிகையாளருக்குக் காட்டினர். மே 7 ஆம் திகதி, விமானி உயிருடன் தம் கையில் இருப்பதைக் குருஷேவ் வெளியிட்டார். நான்கு நாட்களின் பின் ஜனாதிபதி ஐசனோவர் பொறுப்பைத் தாமே ஏற்றார். அந்த மாதத்திலேயே பரிஸ் உச்சி மாநாடும் குலைந்தது. இங்கே பொய் எவரை நோக்கிச் சொல்லப்பட்டது? உடைந்த விமானமும் உயிருள்ள விமானியும் கையிலிருந்த மொஸ்கோவை அது ஒரு கணமும் ஏமாற்றவில்லை. ஏமாந்தவர் அமெரிக்க வாசகர்.

எனினும் யூ-2 இனாற் பயனே விளையவில்லை என்று கூறுதல் நேர்மையாகாது. 1950 களின் நடுவிலே, சோவியத் ஒன்றியம் குண்டுவீச்சு விமானங்களில் அமெரிக்காவை விஞ்சிவிட்டது என்ற கூக்குரல் அமெரிக்க விமானப்படையின் பக்கமிருந்து எழுந்தது. யூ-2 கொண்டுவந்த படங்கள் அது பொய்யெனக் காட்டின. ஆயுதச் செலவைக் கூட்டும்படி நெருக்கியோரை ஐசனோவர் தடுத்து நிறுத்தியதில் அப்படங்களுக்குப் பெரும் பங்குண்டு. 1962 ஒக்டோபரிற் கியூபாவின் ஏவுகணைகளைக் கண்டுபிடித்ததும் அதே விமானமே. ஆயின் விநோதம் யாதெனில், ஐசனோவர் தாம் அறிந்த உண்மையை மக்கள்முன் எடுத்துரைக்க இயலாதவராயிருந்தார். ஏவுகணைகளில் அமெரிக்கா பின்தங்கிவிட்டது என்ற இல்லாத குறையை முன்வைத்துக் கென்னடி 1960 ஆம் ஆண்டுத் தேர்தலில் நின்று வென்றார். பின்தங்கியிருந்தது சோவியத் பக்கமே என்பது 1961 இற் செய்மதிப் படங்களால் உறுதியாயிற்று. பொய் மேடையில் நின்று பேசியது. உண்மையோ பெட்டியிற் பூட்டப்பட்டிருந்தது. வாக்காளன் எதனைக் கொண்டு தீர்மானித்தான்? மறைப்பினால் விளைந்த நன்மையை எடுத்துக்காட்டுவோர் இத்தீங்கையும் கணக்கில் எழுதுதல் வேண்டும்.

இதனுடன் சேர்த்தெண்ணத்தக்க சிறுசெய்தி ஒன்றுண்டு. அறுபதாயிரம் அடிக்கு மேலே மாலை வெயிலில் மின்னிச் சென்ற யூ-2 ஐத் தாழப் பறந்த பயணிகள் விமானத்தின் விமானிகள் கண்டனர். இனந்தெரியாப் பறக்கும் பொருளைக் கண்டோம் என முறையிட்டனர். அம்முறைப்பாடுகளை விசாரித்த விமானப்படை அலுவலர், உளவு நிறுவனத்தின் பறப்பு விபரங்களுடன் ஒப்பிட்டு உண்மையைத் தெரிந்துகொண்டபின், பனித்துகள் என்றும் வெப்பநிலை மாற்றம் என்றும் விடை எழுதினர். 1997 இல் உளவு நிறுவனமே வெளியிட்ட கட்டுரையொன்று, அக்காலத்து முறைப்பாடுகளிற் பாதிக்கு மேற்பட்டவை இவ்விமானங்களாலேயே விளைந்தன என்றது. அவ்விகிதம் மிகை என மறுப்போரும் உளர். விகிதம் எதுவாயினும் ஆகுக. கண்ணாற் சரியாகக் கண்டதைச் சரியாகவே சொன்ன ஒருவனை, உன் கண் பிழைத்தது என்று நம்பவைத்தல் அவனது அறிவுக்குச் செய்யும் அநீதியன்றோ? மறைத்தல் வேறு, ஒருவன் தன் புலன்களின்மீது கொண்ட நம்பிக்கையைக் கெடுத்தல் வேறு. பறக்கும் தட்டுக்களை நம்பும் கூட்டத்தை எள்ளி நகையாடும் நாம், அக்கூட்டத்திற்கு விதையிட்ட கைகளையும் சற்று நோக்குதல் தகும்.

இனி ஒப்பந்தகாரரைப் பற்றிச் சில. 1955 பெப்ரவரியில், யூ-2 வேலையைத் தொடங்குவதற்கென ஏறத்தாழப் பன்னிரண்டரை இலட்சம் டொலருக்கு எழுதப்பட்ட காசோலை கெலி ஜோன்சனின் வீட்டு முகவரிக்கு அஞ்சலில் அனுப்பப்பட்டது. இன்று கேட்டால் நகைப்பாயிருக்கும். ஆயின் குறித்த தொகைக்குள், குறித்த காலத்திற்குள் அவ்வேலை முடிந்தது என்பதும் உண்மை. குறைந்த ஆட்கள், குறைந்த கடிதங்கள், குறைந்த தலையீடு என்ற ஜோன்சனின் முறையைப் பாராட்டுவோர் இதனையே காட்டுவர். அதே மறைவிலே நடந்த வேறொரு முயற்சியையும் காட்டுதல் வேண்டும். அமெரிக்கக் கடற்படைக்கென ஜெனரல் டைனமிக்ஸ், மக்டொனல் டக்ளஸ் என்னும் இரு நிறுவனங்கள் 1988 முதல் இரகசியமாக உருவாக்கிவந்த ஏ-12 அவெஞ்சர் என்னும் விமானம், செலவும் காலமும் கட்டுக்கடங்காது பெருகி, ஒருமுறையேனும் பறவாமலே 1991 ஜனவரியிற் கைவிடப்பட்டது. பழி யாருடையது என்ற வழக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. 2011 இல் அதியுயர் நீதிமன்றம், உண்மையை ஆராய்வதற்கு வேண்டிய சான்றுகள் அரச இரகசியம் ஆதலின் இரு தரப்பும் நின்ற இடத்திலேயே நிற்கட்டும் என்று விட்டது. மறைவு திறமையையும் காக்கும், திறமையின்மையையும் காக்கும். எதனைக் காக்கிறது என்பதை வெளியே நிற்பவன் அறிய வழியில்லை. ஒரு தொழிற்சாலையின் பொறியியலாளன் அறிந்ததை அத்தொழிற்சாலைக்குப் பணம் ஒதுக்கும் மக்கட் பிரதிநிதிகளுட் பெரும்பாலோர் அறியார் என்னும் நிலையில், பிரதிநிதித்துவம் என்ற சொல்லுக்கு எஞ்சும் பொருள்தான் யாது? பணிக்குழுவாட்சியின் இயல்பை ஆராய்ந்த மக்ஸ் வெபர், அலுவலக இரகசியம் என்பது அதற்கே உரிய கண்டுபிடிப்பு என்றும், தேவையான அளவைக் கடந்தும் அதனை அது விடாப்பிடியாகக் காக்குமென்றும் எழுதினார். அவர் வணிக நிறுவனத்தையும் அரசையும் ஒரே வேலிக்குள் வைத்துப் பார்க்கும் காலம்வரை வாழ்ந்திருந்தால் இன்னும் கடுமையாகவே எழுதியிருப்பார்.

பல்கலைக்கழகத்திற் பயில்வோர் அறிந்து மகிழத்தக்க செய்தியொன்றை இவ்விடத்துக் கூறாமற் செல்ல மனமில்லை. ராடருக்குப் புலப்படாமையின் கணித அடிப்படைகளுள் ஒன்று, பியோத்தர் உஃபிம்ற்செவ் என்னும் சோவியத் அறிவியலாளர் 1962 இல் மொஸ்கோவில் வெளியிட்ட நூல். விளிம்புகளிற் பட்டுச் சிதறும் அலைகளைப் பற்றிய அந்நூலை எவரும் வாங்கிப் படிக்கலாம். 1971 இல் அமெரிக்க விமானப்படை அதனை மொழிபெயர்த்தது. லொக்ஹீட் நிறுவனத்துக் கணிதவியலாளர் ஒருவர் அதன் பயனைக் கண்டுகொண்டார். உலகின் மிகக் கடுமையாகக் காக்கப்பட்ட இரகசியங்களுள் ஒன்றின் வேர், பகைநாட்டார் ஒளிவின்றி அச்சிட்ட ஏட்டில் இருந்தது.

தொலைவிடம் என்பதும் ஆராய்தற்குரிய சொல்லே. எவர்க்குத் தொலைவு? வாஷிங்டனிலிருந்தும் கலிபோர்ணியத் தொழிற்சாலைகளிலிருந்தும் அளந்தால் நெவாடா தொலைவுதான். மேற்கு ஷொஷோனி மக்களுக்கு அது வீடு. 1863 ஆம் ஆண்டு ரூபி பள்ளத்தாக்கு உடன்படிக்கையைச் சான்றாகக் காட்டி அவர்கள் தமதென உரிமை கோரும் நிலத்திலேதான் அணுகுண்டுச் சோதனைக்களம் அமைந்தது. குரூம் மலைப்பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டுச் சுரங்கம் வைத்திருந்த குடும்பம் ஒன்றும் இருந்தது; அதன் நிலத்தை 2015 இல் விமானப்படை கட்டாயமாகச் சுவீகரித்தது. 1984 இல் அதே விமானப்படை, பொதுமக்கள் சென்றுவரக்கூடியதாயிருந்த 89,000 ஏக்கர் மலைநிலத்தைச் சட்ட அதிகாரம் எதுவுமின்றி அடைத்தது. காங்கிரஸ் குழு காரணம் கேட்டபோது, மூடிய அறையில் மட்டுமே விளக்கலாம் என்ற விடை கிடைத்தது. சட்டம் பின்னால் வந்து வேலியை ஏற்றுக்கொண்டது. அவுஸ்திரேலியாவின் வூமெரா ஏவுகணைக் களமும் 'வெறும் நிலம்' என்றே வரைபடத்திற் குறிக்கப்பட்டது. அங்கு பழங்குடியினர் நடந்து திரிந்தனர். கர்நாடகத்துச் சித்திரதுர்க்க மாவட்டத்தில், ஆளில்லா விமானங்களைச் சோதிப்பதற்கென இந்தியா சள்ளக்கெரெ என்னும் இடத்தில் அமைத்த களம் 2017 இற் திறந்துவைக்கப்பட்டது. அப்புல்வெளியில் ஆடுமாடு மேய்த்த ஊரவர் அதற்கு முன்பே ஆண்டுக்கணக்காக வழக்காடினர். அங்கு நடப்பவற்றை நெவாடாவின் மறைவோடு ஒப்பிடுதல் பொருந்தாது. ஆயினும் மேய்ச்சல் நிலம் 'வெற்றிடம்' ஆகும் முறை மட்டும் எல்லா நாட்டிலும் ஒன்றாகவே இருக்கிறது. எண்ணிக்கையிற் குறைந்தோரும் குரலிற் குறைந்தோரும் வாழும் இடத்திற்கே தொலைவிடம் என்று பெயர்.

சோதிக்கப்பட்டது பாலைவனத்தோடு நின்றுவிடுவதுமில்லை. குரூம் ஏரியில் 1981 ஜூனில் முதலிற் பறந்த எஃப்-117, டொனோப்பா என்னும் இன்னொரு மறைவிடத்திலிருந்து ஆண்டுக்கணக்காக இரவில் மட்டுமே பறந்தது. அதன் விமானிகள் தாம் செய்யும் வேலையை மனைவியரிடமும் கூறலாகாது. 1986 ஜூலையில் ஒரு விமானம் கலிபோர்ணிய மலைக்காட்டில் மோதி விமானி மாண்டபோது, காட்டையே காவலிட்டு மூடினர். 1988 நவம்பரிலேதான் அப்படியொரு விமானம் உண்டென ஒப்புக்கொண்டனர். ஆயின், ராடருக்கு மறையும் தொழில்நுட்பம் தம்மிடம் உண்டென்பதை 1980 ஆம் ஆண்டுத் தேர்தற் காலத்திலே பாதுகாப்புச் செயலாளர் ஹரல்ட் பிரவுண் தாமே பறைசாற்றியிருந்தார். 1991 வளைகுடாப் போரிலோ, அவ்விமானம் குறிதவறாது குண்டு வீசும் காட்சிகளைத் தொலைக்காட்சியிற் பெருமையோடு காட்டினர். அதே போரில் பெப்ரவரி 13 ஆம் திகதி, பக்தாதின் அமிரியா என்னுமிடத்துப் பாதுகாப்பு அறைமீது அவ்வகை விமானத்தின் குண்டுகள் இரண்டு விழுந்தன. உள்ளே அடைக்கலம் புகுந்திருந்த பொதுமக்கள் நானூற்றுவருக்கு மேற்பட்டோர் மாண்டனர். குறி தவறவில்லை, உள்ளே இருந்தவர் யாரென்ற அறிவே தவறியது. இரகசியம் என்பது எப்போது பேணப்படும், எப்போது அவிழ்க்கப்படும் என்பதை இந்நிகழ்ச்சிகளை வரிசையாக வைத்துப் பார்ப்போர் தாமே உணர்வர்.

குரூம் ஏரியில் வேலை செய்தோரின் வழக்கு யாவற்றினும் கொடியது. 1970 களிலும் 1980 களிலும் அங்கு நச்சுக் கழிவுகளைத் திறந்த குழிகளில் இட்டு எரித்தனர் என்றும், அப்புகையால் தோல் வெடித்து நோயுற்றோம் என்றும் தொழிலாளர் சிலரும், மாண்ட இருவரின் மனைவியரும் 1994 இல் வழக்குத் தொடுத்தனர். உயிரோடிருந்த தொழிலாளர் தம் பெயரைக் கூட வெளியிடவில்லை. வாய்திறத்தலே குற்றமாகும் என்ற உறுதிமொழியில் அவர்கள் ஒப்பமிட்டிருந்தனர். எரிந்தது என்ன என்று அறிந்தாலன்றி மருத்துவர் நோயை அறியார். அரசோ அவ்விடத்தின் பெயரைக் கூற மறுத்தது. வழக்கின் நடுவே சூழல் பாதுகாப்பு நிறுவனம் அங்கு சென்று பரிசோதித்தது. கண்டவை யாவை என்பது இரகசியமாயிற்று. 1995 செப்டெம்பரில் ஜனாதிபதி கிளிண்டன், அவ்விடத்துக் கழிவு பற்றிய இரகசிய விபரங்களை வெளியிடத் தேவையில்லை என விலக்களித்தார். 1998 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அரச இரகசியச் சலுகையை ஏற்று வழக்கைத் தள்ளியது.

விமானத்தின் வடிவம், அதன் பூச்சு, பறக்கும் உயரம் ஆகியவற்றை எதிரி அறிந்தால் விமானி சாவான். அவற்றை மறைத்தலை நான் குறைகூறேன். ஆயின் ஒருவன் சுவாசித்த புகையில் இருந்தது யாது என்பது அவனுடைய உடலின் செய்தி. அது அரசின் சொத்தன்று. புகையின் கூறுகளிலிருந்து பூச்சின் கலவையை எதிரி ஊகித்துவிடுவான் என்பது அரசு தரப்பின் வாதமாயிருக்கலாம். அவ்வாறாயின், நோயாளிக்கும் மருத்துவனுக்கும் மட்டும் கூறி அவர்களையும் உறுதிமொழியால் கட்டியிருக்கலாமே. அணுகுண்டின் இரகசியத்தை ஆயிரக்கணக்கானோரிடம் நம்பி ஒப்படைத்த அரசுக்கு, தன்னிடமே வேலைசெய்து நோயுற்ற சிலரை நம்ப இயலாமற் போனமை பாதுகாப்பின் தேவையாற் பிறந்ததென்று எனக்குத் தோன்றவில்லை. கான்றின் அளவுகோல் யூ-2 இன் முன் தடுமாறியது. இங்கே அது சற்றும் தடுமாறவில்லை. வேலையாட்களை நச்சுப் புகையில் நிறுத்தி, கேட்டால் வாய்திறவோம் என்னும் விதியை முன்கூட்டியே அறிவித்திருந்தால் எவர் அவ்வேலைக்குச் சென்றிருப்பர்?

அந்நீதிமன்றம் தழுவிய சலுகைக்குப் பிறப்பிடம் 1953 ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று. 1948 ஒக்டோபர் 6 ஆம் திகதி, இரகசிய மின்னணுக் கருவிகளைச் சோதிப்பதற்காகப் புறப்பட்ட பி-29 விமானமொன்று ஜோர்ஜியா மாநிலத்து வேகுறொஸ் என்னும் ஊரருகே தீப்பற்றி விழுந்தது. ஒன்பது பேர் மாண்டனர். அவர்களுட் படையினரல்லாத பொறியியலாளர் மூவரின் மனைவியர், விபத்து அறிக்கையைக் காட்டும்படி கேட்டனர். அதிற் கருவிகளைப் பற்றிய இரகசியம் உள்ளதென அரசு கூறியது. கீழ்நீதிமன்றங்கள், நீதிபதியாவது தனிமையில் அதைப் பார்க்கட்டும் என்றன. அதற்கும் அரசு இசையவில்லை. அதியுயர் நீதிமன்றம், அறிக்கையைத் தான் பாராமலே, ஆறு நீதிபதிகளின் இசைவோடு அரசின் சொல்லை ஏற்றது. அதுமுதல் அரச இரகசியம் என்று எழும் ஒவ்வொரு வாதமும் இத்தீர்ப்பின்மீதே நிற்கிறது.

1990 களில் அவ்வறிக்கை மற்றைய பழைய விபத்து அறிக்கைகளோடு சேர்ந்து ஓசையின்றி வெளியாயிற்று. மாண்டவருள் ஒருவரின் மகள் 2000 ஆம் ஆண்டில் இணையத்தில் அதனைத் தேடி, விலைகொடுத்து வாங்கிப் படித்தார். தந்தை இறந்தபோது அவர் கைக்குழந்தை. கருவிகளின் அமைப்பைப் பற்றி அதில் யாதொன்றும் இல்லை. எந்திரத்தில் வெப்பம் மிகுவதைத் தடுப்பதற்கெனப் பொருத்தப்பட்டிருக்கவேண்டிய கவசங்கள் பொருத்தப்படவில்லை என்பதுதான் இருந்தது. குடும்பத்தினர் மீண்டும் நீதிமன்றம் சென்றனர். அதியுயர் நீதிமன்றம் 2003 இல் அவர்களது மனுவை ஏற்க மறுத்தது. நீதிமன்றத்தை அரசு ஏமாற்றியது என்பது நிறுவப்படவில்லை என 2005 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. 1953 ஆம் ஆண்டுத் தீர்ப்பு அப்படியே நிற்கிறது.